கரவேல் அண்ணாச்சியின் நாற்காலி

சனிக்கிழமை சாயங்காலம் வரை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பால்வண்ணத்தின் சைக்கிள் கடைக்கும் இசக்கியின் செல்போன் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருந்தது, அதுவும் ஒன்பது அங்குலப் பொதுச்சுவர், அதில் யார் ஆணி அடிப்பது என்ற தகராறில் இருவரும் பதினான்கு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்த சுவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்க வந்தபோது அந்தச் சுவர் இருந்த இடத்தில் பன்னிரண்டடி அகலத்துக்கு ஒரு பரோட்டாக் கடை இருந்தது, கல்லில் கரியேறி, உத்தரத்தில் ஒட்டடை தொங்கி, 1998-ஆம் வருஷத்து அம்மன் காலண்டர் மஞ்சளாகி, வாசலில் ஒரு நாய் பல வருஷப் பழக்கத்தோடு படுத்திருந்தது. பெயின்ட் உரிந்த போர்டில் 'கரவேலாஸ் பரோட்டா ஸ்டால்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறடிக்கு மேல் உயரமான ஒரு வெள்ளைக்காரர், கட்டம் போட்ட கைலியும் தோளில் ஈரிழைத் துண்டுமாக மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். பால்வண்ணம் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே திறந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி லாரி வந்துட்டுப் போயிருச்சா?"

"ஒம்பது மணிக்கு மேலதான் வரும்" என்றார் பால்வண்ணம். அதற்கு மேல் அவருக்கும் கேட்க ஒன்றுமில்லை.

இந்தக் கடை எப்படி வந்தது என்று ஊரில் யாரும் ஆராயவில்லை, ஏனென்றால் அது பேப்பரில் வந்திருந்தது. முந்தின நாள் 'அந்திச்சங்கு' மாலைப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், 'நாளைய நட்சத்திரம்' என்ற பெட்டிச் செய்தியில், கிரேக்க நாட்டின் வளர்ந்துவரும் டென்னிஸ் வீராங்கனை தெஸ்பினா கரவேலாவின் தந்தை கரவேலாஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்து, கல்லின் அனலில் வெந்து, மகளை ஆளாக்கினார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேப்பரில் போட்டபடி கடை இருக்கிறது, போட்டபடி ஆளும் இருக்கிறார், இதில் ஆச்சரியப்பட என்ன கிடக்கிறது, பேப்பரில் போட்ட மேம்பாலம் இன்னும் வராததுதான் ஆச்சரியம் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள்.

ஆச்சரியப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த வரிகளை எழுதிய செண்பகவல்லி. அந்திச்சங்கின் விளையாட்டுப் பக்கத்தைப் பதினொரு வருஷமாக மொழிபெயர்ப்பவள் அவள், ஆங்கில எம்.ஏ., எந்தத் தகவலையும் இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் எழுதமாட்டாள், எழுதியதை ஆசிரியர் ஆவுடையப்பன் மூன்று நிமிஷத்தில் மாற்றிவிடுவார். கோவில்பட்டி ஹாக்கி ஊர். வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் ஊருக்கு அதில் வரும் ஆளின் கஷ்டத்தைச் சொன்னால்தான் ஆட்டத்தில் ஆர்வம் வரும் என்பது ஆவுடையப்பனின் முப்பத்தொரு வருஷ அனுபவம். தகப்பன் கஷ்டப்படாத சாம்பியன் ஒருவரைக்கூட அந்திச்சங்கு இதுவரை வெளியிட்டதில்லை. ஒரு நீச்சல்காரியின் தகப்பன் பல் டாக்டராக ஏஜென்ஸிச் செய்தியில் கிளம்பி, செண்பகவல்லியின் மேஜையைத் தாண்டும்போது பல்பொடி விற்பவராகிவிட்டார். ஒரு கப்பல் கேப்டன் கப்பலில் தரை துடைத்தார்.

தெஸ்பினாவுக்காக அவள் எட்டுக் கேள்விகள் எழுதி, அந்தப் பெண் ஆடிப் பழகிய தீவின் டென்னிஸ் கிளப்புக்கு மெயில் போட்டிருந்தாள். பிறந்த தேதி, உயரம், எந்தக் கை, தாயார் பெயர், முதல் பயிற்சியாளர், உலகத் தரவரிசை, முதல் கோப்பை, தகப்பனார் தொழில். சனிக்கிழமை பத்தரை மணி வரை பதில் வரவில்லை. பதினொரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

"தகப்பன் என்ன பண்ணுதாரு?" என்றார் ஆவுடையப்பன்.

"ரொட்டிக் கடைன்னு ஏஜென்ஸி சொல்லுது சார். தீவுல, படகுத்துறைக்குப் பக்கத்துல ஒரு பேக்கரி. இன்னும் ஊர்ஜிதம் ஆகல."

"பேக்கரின்னா கேக்கு, பப்ஸு. கேக்குக் கடைக்காரன் மக ஜெயிச்சா எவன் அழுவான்? பரோட்டான்னு போடு. படகுத்துறையெல்லாம் நம்மாளுக்குப் புரியாது, பஸ் ஸ்டாண்டுன்னு போட்ரு."

"அது மொழிபெயர்ப்பு இல்ல சார்."

"வாசகனுக்குப் புரியற மாதிரி சொல்லுததுதாம்மா மொழிபெயர்ப்பு. பிள்ளை காலுல செருப்பில்லாம பிராக்டீஸ் பண்ணுச்சுன்னும் ஒரு வரி சேரு. பெட்டியில எடம் கெடக்கு."

அவள் சேர்த்தாள். பதினொரு வருஷமாகச் சேர்த்ததைப் போலவே, பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தாள். அவள் பல்லைக் கடிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் எம்.ஏ.யில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தபோது இதே அந்திச்சங்கு 'பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் சாதனை' என்று படத்தோடு போட்டது. அவளுடைய அப்பா சங்கரலிங்கம் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கவில்லை, டைம் கீப்பராக இருந்தார், தேய்த்த சட்டை போடாமல் வீட்டு வாசல் தாண்டாத மனுஷர். மறுநாள் லோடுமேன்கள் "அண்ணாச்சி எப்ப நம்ம சங்கத்துல சேந்தீக" என்று கேலி பண்ணினார்கள், அவரும் சிரித்துவைத்தார், அன்றிலிருந்து வழக்கமான டீக்கடையை விட்டுவிட்டு ரயில்வே கேட் பக்கம் போய் டீ குடிக்க ஆரம்பித்தார். ரிட்டையர்டு ஆகி ஆறு வருஷம் ஆன பிறகும் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வருவதில்லை. மகள் அதே பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சட்டையை இன்னொரு தடவை தேய்த்தார்.

திங்கட்கிழமை செண்பகவல்லி கடைக்கு முன்னால் வந்து நின்றபோது, கரவேலாஸ் மாவை விசிறிக்கொண்டே சிரித்தார். "வா தாயி. உக்காரு. என் மகளைப் பத்தி எழுதுன பிள்ளைதான நீ?" அவள் உட்கார்ந்தாள், இரண்டு பரோட்டா சாப்பிட்டாள், என்ன கேட்பதென்று தெரியாமல் எழுந்து ஆபீசுக்குப் போனாள்.

ஊர் அவரை மூன்று நாளில் முழுங்கிவிட்டது. கரவேலாஸ் என்ற பெயர் முதல் நாள் மத்தியானமே கரவேல் அண்ணாச்சி ஆயிற்று. பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள், பழைய தேதியிட்டு. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை வந்தது. ஊரை உறுத்திய ஒரே சங்கடம் அவர் எந்த ஆளுக என்பது. அதை நேரடியாகக் கேட்பது மரியாதையில்லை என்பதால் குலதெய்வம் எங்கே என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். எங்க சாமி மலை மேல இருக்கு, வெள்ளைக் குதிரையில ஏறி, கையில ஈட்டி வச்சு, கீழ கெடக்கிற ராட்சசப் பாம்பைக் குத்திக்கிட்டு நிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கெடா வெட்டுவோம் என்றார் அவர். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குதிரையும் ஈட்டியும் கெடாவெட்டும் இருந்தால் அது நம்ம சாமிதான் என்று அன்று மாலைக்குள் மூன்று சமூகத்தார் தனித்தனியாகக் கூடி முடிவெடுத்தார்கள், அவரும் மூன்று இடத்திலும் தலையாட்டினார்.

சால்னாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஏதோ காய்ந்த இலையைக் கசக்கிப் போடும் பழக்கம் அவருக்கு. முதல் நாள் முகம் சுளித்தவர்கள் மூன்றாம் நாள் இலை போடாத சால்னாவைத் தொட மறுத்தார்கள். சுவர் போய்விட்டதால் பால்வண்ணமும் இசக்கியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை இசக்கி "வெங்காயத்தை இங்கிட்டுத் தள்ளுங்க" என்றான், பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. இதற்கிடையில் அந்திச்சங்கு அலுவலக வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள், தெஸ்பினாவின் பெரியம்மா நம் அரசு ஆஸ்பத்திரியில் லேடி டாக்டராக இருப்பதாக எழுதும்படி, அவளுடைய தாய்மாமன் இந்த ஊருக்குத் தினசரி குடிதண்ணீர் கொண்டுவந்தவர் என்று எழுதும்படி. செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை நாலரை மணிக்குத் தெஸ்பினாவின் ஆட்டம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு செம்மண் மைதானம். கடையில் மாட்டியிருந்த டி.வி. முன்னால் ஹாக்கிக்காரர்கள் உட்பட அறுபது பேர் நின்றார்கள். பதினைந்து, முப்பது வரைக்கும் ஸ்கோர் புரிந்தது. அடுத்தது நாற்பத்தைந்துதானே, நாற்பது என்கிறானே, மிச்சம் அஞ்சை எவன் எடுத்தான் என்று அம்பயர் மேல் சந்தேகம் எழுந்து, அது கரவேல் அண்ணாச்சி விளக்கிய பிறகும் தீரவில்லை. அப்போதுதான் கேமரா அந்தப் பெண்ணின் காலுக்குப் போனது. வெறுங்கால். பத்தொன்பது வயசுப் பெண், இடது கையில் ராக்கெட், செம்மண்ணில் சறுக்கிச் சறுக்கிக் குதிகால் வெடித்து, கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும் அவள் திரும்பி ஒரு பக்கம் பார்த்தாள். கேமராவும் அங்கே பார்த்தது. பயிற்சியாளர் இருந்தார், தாயார் இருந்தார், நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"அது என் நாற்காலி" என்றார் கரவேல் அண்ணாச்சி.

கல்லில் பரோட்டா கருகிற்று. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தெஸ்பினா எப்படியோ இழுத்துப் பறித்து மூன்றாவது செட்டில் ஜெயித்தாள், வெள்ளிக்கிழமை அரையிறுதியிலும் அதே மாதிரி நொண்டிக்கொண்டே ஜெயித்தாள், சனிக்கிழமை நாலரைக்கு இறுதி ஆட்டம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள். கரவேல் அண்ணாச்சி மட்டும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

கிளப்பிலிருந்து பதில் அந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது, செயலாளர் அம்மாள் ஒருத்தி எழுதியிருந்தாள். ஒன்று முதல் ஏழு வரை சரி, உயரம் மட்டும் ஓர் அங்குலம் கூட்டவும். எட்டாவது கேள்விக்கு இப்படி இருந்தது: 'தகப்பனார் போன சனிக்கிழமை மத்தியானம் வரை படகுத்துறையில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். அதன் பிறகு கடையும் இல்லை, அவரும் இல்லை, கடை இருந்த இடத்தில் கடல் தெரிகிறது. பெண்ணுக்கு ஷூ வாங்கி வாங்கிக் கொடுக்கிறோம், காலில் நிற்கமாட்டேன் என்கிறது. அதே சனிக்கிழமைதான் உங்கள் மெயிலும் எங்கள் கண்ணில் பட்டது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லவும்.'

செண்பகவல்லி அந்த மெயிலை அச்செடுத்து ஆவுடையப்பன் மேஜையில் வைத்தாள். அவர் அதை முழுக்கப் படித்தார், கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவையும் படித்தார்.

"திருத்தம் போடணும் சார். நாளைக்கே."

"முப்பத்தொரு வருஷத்துல அந்திச்சங்கு ஒரு திருத்தம் போட்டதில்ல. இப்ப ஒண்ணு போட்டா, அப்ப மத்ததெல்லாம்னு கேப்பான். நமக்கு வேலை அழுகை வரவழைக்கது. மக ஜெயிக்கும்போது தகப்பன் பக்கத்துல இல்லன்னா எவ்வளவு நல்லாருக்கும், யோசிச்சுப் பாரு. நாளைக்குத் தலைப்பே அதுதான்."

"அந்தப் பிள்ளை கால்ல ரத்தம் வருது சார்."

"அதையும் போடு" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். செண்பகவல்லிக்கு அப்போதுதான் அவர் மேல் வந்த கோபம் தன் மேலும் திரும்பியது. இவர் சொன்னார், எழுதின கை யாருடையது.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, அவள் படியிறங்கும்போது பால்வண்ணமும் இசக்கியும் சேர்ந்தே நின்றார்கள்.

"மாத்தப் போறியாம்லா" என்றார் பால்வண்ணம். "தப்பாப் போட்டது போட்டாச்சு. அவருக்கு இங்க என்ன கொறை? அவரு போயிட்டா எங்களுக்கு நடுவுல மறுபடியும் சுவருல்லா வந்துரும்."

இசக்கி தரையைப் பார்த்தான். அவளுக்கு இருவர் மேலும் இரக்கமாக இருந்தது. ஆனாலும் நேரே கடைக்குப் போனாள், பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பதினொரு வருஷத்தில், தான் எழுதிய ஆளின் எதிரிலேயே உட்கார்ந்து சரிபார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு ஊருக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல தாயி. எல்லாரும் தங்கமா வச்சிருக்காக. அந்த நாற்காலி ஒண்ணுதான்." மாவு ஒட்டிய கையைத் துண்டில் துடைத்தார். "அதைவிட ஒண்ணு இருக்கு. எம் பிள்ளைக்குச் செருப்பில்லன்னு எழுதிட்டியே. வருஷத்துக்கு நாலு ஜோடி ஷூ வாங்குவேன். எனக்குக் கோட்டு இல்லாம குளிர்ல ரொட்டி சுட்டிருக்கேன், அவ காலு தரையில பட்டதில்ல. அதைப் பாத்து ஒலகம் என்ன நெனைக்கும், தகப்பன்காரன் செத்துட்டானான்னு நெனைக்காது?" பெரிய உடம்பு, அழும்போது சிறியதாகத் தெரிந்தது. "அதை மட்டும் மாத்திரு தாயி."

செண்பகவல்லியும் அழுதாள், மறைக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தீவில் கடை அகலம் என்ன, எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவார், ஷூ என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

ஆவுடையப்பன் எல்லாப் பக்கத்திலும் கை வைப்பார், விளம்பரத்தில் மட்டும் வைக்கமாட்டார், விளம்பரம் அவருக்குச் சாமி மாதிரி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செண்பகவல்லி தன் அலுவலகத்தின் முன்வாசல் கவுன்டரில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, பெயர் மாற்றத்துக்கும் தொலைந்த பத்திரத்துக்கும் கொடுக்கும் 'பொது அறிவிப்பு' படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்தாள். அவள் பெயரோடு வந்தால் வேலை போய்விடும் என்று தெரியும். பெயரில்லாத அறிவிப்பு செல்லாது என்றும் தெரியும்.

மூன்றரை மணிக்குப் பத்திரிகை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. ஆறாம் பக்கத்தில், கண்ணீர் அஞ்சலிக்கும் வீட்டுமனை விற்பனைக்கும் நடுவில் அது இருந்தது.

'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், டென்னிஸ் வீராங்கனை தெஸ்பினா கரவேலாவின் தகப்பனார் பரோட்டாக் கடை வைத்திருப்பதாகப் போன வாரம் நான் எழுதியது தவறு. அவர் தமது தீவின் படகுத்துறையில் பதினாறடி அகல ரொட்டிக் கடை வைத்திருப்பவர். மகளுக்கு வருஷம் நாலு ஜோடி வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தவர். மகள் ஆடும்போது நேரில் உட்கார்ந்து பார்ப்பவர். மேலும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பத்திரிகையில் மூட்டை தூக்குபவர் என்று வந்த கோவில்பட்டி சங்கரலிங்கம் அவர்கள் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். அவர் காலத்தில் ஒரு பஸ்ஸும் தாமதமாகக் கிளம்பியதில்லை. இப்படிக்கு, எழுதியவளும் மகளுமாகிய ச. செண்பகவல்லி.'

கடையில் அப்போது பதினேழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரவேல் அண்ணாச்சி ஒரு பரோட்டாவை விசிறி மேலே எறிந்தார். அது கீழே வரும்போது பிடிக்க ஆளில்லை. பெஞ்சும் இல்லை, கல்லும் இல்லை, டி.வி.யும் இல்லை. பதினேழு பேரும் கையில் வாழையிலையோடு ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டிருந்தார்கள், நாய் விழுந்த பரோட்டாவைக் கவ்விக்கொண்டு போயிற்று, பால்வண்ணத்துக்கும் இசக்கிக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் பழைய சுண்ணாம்போடு நின்றது.

நாலேகால் மணிக்கு இசக்கி, தன் கடை டி.வி.யைப் போட்டுவிட்டு, வெளியே வந்து பால்வண்ணத்திடம், "சித்தப்பா, மேட்ச்சு போட்டுட்டான், உள்ள வாங்க" என்றான். பால்வண்ணம் சுவரை ஒருமுறை பார்த்தார், பிறகு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் ஊரே போனது. செண்பகவல்லி வாசற்படியில் ஒண்டிக்கொண்டாள். அவள் செல்போன் அடித்தது. ஆவுடையப்பன், "திங்கக்கிழமை பேசிக்கிடுவோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

டி.வி.யில் தெஸ்பினா வந்தாள். காலில் வெள்ளை ஷூ, லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். ராக்கெட்டைச் சுழற்றியபடி அவள் அந்தப் பக்கம் திரும்பினாள், அப்படியே நின்றுவிட்டாள். கேமரா மெதுவாக நகர்ந்து நாற்காலிக்கு வந்தது. நாற்காலியில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மனுஷர், கட்டம் போட்ட கைலியோடு, தோளில் ஈரிழைத் துண்டோடு, முழங்கை வரை மைதா மாவோடு உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் உடுப்பைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. மகள் தன் காலைக் காட்டினாள். அவர் எழுந்து நின்று, கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பதிலுக்கு விசிலடித்தது.

செண்பகவல்லிக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். இஸ்திரி வாடை வந்தது. கையில் மடித்த அந்திச்சங்கோடு, தேய்த்த வெள்ளைச் சட்டையில், அவளுடைய அப்பா நின்றிருந்தார். லோடுமேன் ஒருவர் இசக்கி கடைப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க டைம் கீப்பரய்யா" என்றார். சங்கரலிங்கம் உட்கார்ந்தார். டி.வி.யைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் டி.வி.யைப் பார்த்தார்.

"நாலு இருபத்தொம்பது" என்றார் மகளிடம். "நேரத்துக்குத்தான் போய்ச் சேந்திருக்காரு."